வாய்க்கால் முகத்துக் கொடுவா

“சும்மா புடிச்சிட்டு இரிங்க சம்பந்தர். ஒண்டும் கொத்தாது” என்று தூண்டில் தடியை என் கையில் திணித்துவிட்டு, பௌஸி நானா பின்னேர அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போனார். முழங்கால் நோவோடு தண்டவாளத்தைத் தாண்டி அவர் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தை வாய்க்கால் கடலில் விழுகிற இடத்துப் பாறைகள் அவை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. எங்களைத் தவிர அங்கே ஒரு ஈ காக்கை இல்லை.

எனக்கோ கந்தசஷ்டி விரதம். பகலில் பச்சைத் தண்ணீர், இரவில் பாலும் பழமும். என் மனைவி விசாலி வாசலில் மறித்துச் சொல்லித்தான் அனுப்பினாள். “இஞ்சாருங்கோ, பக்கத்தில இருந்து கதைச்சுப்போட்டு வாங்கோ. விரத நாளில மீனைக் கீனைத் தொட்டீங்களெண்டால் வீட்டுப் படி ஏற விடமாட்டன்.” முன்பு ஒரு போனைக் கடலுக்குக் கொடுத்தவன் என்பதால் என் போனையும் வாங்கி வைத்துக்கொண்டாள். நான் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் நானாவுக்கு வெள்ளவத்தையில் இது கடைசி ஞாயிறு. எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் இல்லை. மூன்றாம் மாடி ஏற அவருடைய முழங்கால் இனி ஒத்துவராது. வீட்டை விற்றாயிற்று. புருஷனும் பெண்சாதியும் ஹெந்தளையில் மகள் ஆதிபாவோடு இருக்கப் போகிறார்கள். ஹெந்தளை என்ன லண்டனா, பஸ் ஏறினால் வரலாம்தானே என்று எல்லாரும் சொல்கிறார்கள். கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பின்னேரமானால் மேல்மாடியிலிருந்து “சம்பந்தர், போவமா?” என்று கேட்கிற குரல் பஸ் ஏறி வருமா?

நானா புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருந்தவர். கடையை மருமகனிடம் கொடுத்த நாள் முதல் இந்தப் பாறையே கதி. ஆசை ஒன்றே ஒன்று: ஒரு பெரிய கொடுவா மீன். மழைத் தண்ணீர் கலங்கி வரும்போது அது வாய்க்கால் முகத்துக்கு வருமாம். “சின்னதில ஆம்பிள, பெருத்தா பொம்பிள. பெரிய கொடுவா எல்லாம் பொம்பிளதான் சம்பந்தர். அதான் லேசில அம்புடுறாவில்ல” என்பார். இத்தனை வருஷத்தில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதெல்லாம் விரல் நீளக் குஞ்சுகள். அவர் மனைவி லுத்பியா ராத்தா அவற்றைப் பூனைக்குப் போட்டுவிட்டு, “இவர் புடிக்கிற மீன் எண்ட நகத்துக்குக் காணா” என்று பெருவிரலை நீட்டிக் காட்டுவார். ஃபிளாட் முழுக்கத் தெரிந்த பகிடி அது. நானாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். பிறகு படியிறங்கும்போது என்னிடம் மட்டும், “ஒண்டே ஒண்டு, அவட கண்ணுக்கு முன்னால கொண்டு போய் வெச்சாப் போதும்” என்பார். பாறைக்கு அவர் போட்ட சட்டமும் ஒன்று உண்டு. கொத்தும்போது தடி யார் கையில் இருக்கிறதோ, மீன் அவருக்கு.

அவர் போய்க் கொஞ்ச நேரம்தான். தடி படாரென்று வளைந்தது. ரீல் கத்திக்கொண்டு ஓடியது. “ஐயோ முருகா!” என்று நானும் கத்தினேன். சிவபூசையிலே கரடி புகுந்த கதைதான். தூண்டிலின் தங்கூசி நூலை அறுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நானாவின் பைக்குள் கத்தி இருந்தது. அறுத்தால் விரதமும் தப்பும், நானாவுக்கும் தெரிய வராது. ஆனால் அது தண்ணீருக்கு மேலே ஒருதரம் எழும்பி விழுந்தது. அந்த வெள்ளி உடம்பைப் பார்த்த பிறகு கை கத்திக்குப் போகவில்லை. கொடுவா! மனுஷன் அங்கே தொழுதுகொண்டிருக்கிறார், அவர் ஆசைப்பட்டது இங்கே வந்து நிற்கிறது. இதை எப்படி நான் அறுத்துவிடுவேன்?

வெறும் வயிற்றோடு தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அது ஓடினால் விட்டேன், நின்றால் சுற்றினேன். நானா சொல்லித் தந்தது அவ்வளவுதான். பாறையில் சறுக்கி முழங்கையை உரசிக்கொண்டேன். கடைசியில் ஒரு பெரிய அலை வந்து, அதைத் தூக்கிப் பாறைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்துக்குள் போட்டுவிட்டுப் போனது. நான் இறங்கி, பள்ளத்தின் வாயை மறித்துத் தண்ணீருக்குள்ளேயே குந்தினேன். மீன் என் தொடையில் முட்டியது. “முருகா, உன்ர விரதத்தைக் கெடுத்துப்போட்டன். கோவிக்காதை. நானா வருமட்டும் இது சாகாமல் பார்த்துக்கொள்” என்று கும்பிட்டேன். எந்தப் பக்தனும் அவரிடம் இப்படி ஒரு வரம் கேட்டிருக்க மாட்டான்.

நானா வந்தார். தலையில் தொப்பி அப்படியே இருந்தது.

“என்னத்துக்குத் தண்ணிக்குள்ள...” என்று தொடங்கியவர் நிறுத்தினார். மெல்லப் பாறையைப் பிடித்து இறங்கினார். “மாஷா அல்லாஹ்” என்றார். அலை வந்து அவருடைய சாரத்தை நனைத்துவிட்டுப் போனது.

“உங்கட கொடுவா, நானா” என்றேன்.

“கொத்தக்குள்ள தடி ஆர்ட கையில?”

“சட்டத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்கோ. எனக்கு விரதம். தூக்கிக்கொண்டு ராத்தாட்டப் போங்கோ.”

“விரத நாள்ல இத வெட்டினாப் பாவம் ஒங்களுக்கில்லையா?”

“விரதம் எனக்கு, நானா. மீனுக்கில்லை.”

அவர் சிரித்தார். கண் கலங்கியும் இருந்தது. இரண்டு கைகளையும் அதன் வயிற்றுக்குக் கீழே கொடுத்து, தண்ணீருக்கு மேலே சற்றே தூக்கினார். வயிறு கனத்துத் தொங்கியது. “முட்டையோட ஈக்கிறா” என்றார். பிறகு தூண்டில் முள்ளைக் கழற்றினார். வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் என்று நினைத்து, நான் பையை விரித்துப் பிடித்தேன்.

“நகருங்க சம்பந்தர்.”

“என்ன நானா?”

“நான்தான் இந்த எடத்த உட்டுட்டுப் போறன். இவளாவது இங்க ஈக்கட்டும்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ராத்தா நம்பமாட்டா, நானா! படமும் எடுக்கேல்லை. இனி எப்ப பிடிப்பீங்கள்?”

“நம்ப வாணாம். நான் கண்டுட்டன்தானே?”

நகர்ந்தேன். வேறென்ன செய்ய? கலங்கிய தண்ணீரில் அவர் அதை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தார். அது உடனே போகவில்லை. அவருடைய கைக்குள்ளேயே கிடந்து மூச்சு வாங்கியது. பிறகு வாலால் ஒரே அடி. இரண்டு பேருக்கும் முகம் முழுக்க உப்புத் தண்ணீர். இருவரும் துடைக்காமல் நின்றோம்.

விசாலி விளக்கேற்றிவிட்டுக் கதவைத் திறந்தாள். ஒரே மூச்சில் மோப்பம் பிடித்துவிட்டாள். “மீன் வெடுக்கு!” என்று கையைப் பிடித்துத் திருப்பினாள். உரசல் காயத்துப் பக்கத்தில், முழங்கையில், ஒரு செதில் ஒட்டியிருந்தது. படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஏச்சுக்குக் காத்திருந்தேன்.

“அந்த மனுசன் ராத்தாட்டச் சொல்லியிருக்குமே?”

“சொல்லியிராது.”

அவள் செதிலை நோகாமல் உரித்தெடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினாள். “குளிச்சுப்போட்டு வாங்கோ” என்று திரும்பிச் சொன்னாள். குளிக்க யாருக்குப் பொறுமை? பின்னாலேயே போனேன்.

வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். லுத்பியா ராத்தா கண்ணாடிக் கோப்பைகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். நானா ஒரு பெட்டியின் மேல், பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“ராத்தா, இது நானா பிடிச்ச மீன்ர செதில்” என்று விசாலி நீட்டினாள்.

“நானில்ல, சம்பந்தர்தான்...” என்றார் நானா.

“நீங்க சும்மா இருங்கோ நானா” என்றாள் விசாலி.

“எங்க மீன்?” என்று ராத்தா கேட்டார்.

“உட்டுட்டன்.”

ராத்தாவின் வாய் வழக்கமான பகிடிக்குத் திறந்தது. ஆனால் சொல்லவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு செதிலை வாங்கினார். பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு இடது கைப் பெருவிரலை நீட்டி, அதை நகத்தின் மேல் வைத்தார். நகம் தெரியவில்லை. சுற்றிவர இன்னும் கொஞ்சம் செதில் மிச்சமிருந்தது. பெட்டியின் மேலிருந்து நானா கழுத்தை எட்டி நீட்டி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.