திரைக்கு வராத முதல் பாதி

1

இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை. ஒரு மடிக்கணினிப் பையில் வந்தது. கொண்டுவந்தவள் கிளாரிசா. ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எங்கள் தெருக்காரி. போன மாதம்தான் புருஷன் கோலினை அடக்கம் செய்தாள்.

"அண்ணே, இதுல என்னமோ ரோசாக் ஆயிருச்சு, கெட்டுப்போச்சு போல. அவரோடதையும் சேத்துக் கொண்டாந்துருக்கேன். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கலா" என்றாள்.

ஈப்போவில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பிழை தேடுவது என் பிழைப்பு. கதை எழுதுவது என் கெட்ட பழக்கம். அவள் தேடி வந்தது முதல் ஆளை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கோலின் இறந்த பிறகும் அவன் கோப்பு மட்டும் உயிரோடு…"

சே, மலிவு. (அடித்த வரியை உங்கள் கண்ணில் படும்படியே விட்டிருக்கிறேன். எதையும் முழுசாக அழிக்க இப்போதெல்லாம் கை வரமாட்டேன் என்கிறது.)

2

கோலினுக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. மெழுகுவர்த்திப் புகை பட்டால் போதும், இருமி இருமிச் சுருண்டுவிடுவான். அதனால் சாயங்கால ஜெபமாலை நேரத்தில் அவன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்வான். அவள் கூடத்தில் திரு இருதயப் படத்துக்கு முன்னால் முட்டி போடுவாள்.

ஜெபமாலை பழகாதவர்களுக்கு: நடத்துகிறவர் ஜெபமாலையில் உருட்டும் ஒவ்வொரு பத்து மணிக்கும் ஒரு கருத்து வைப்பார், இன்ன நோயாளிக்காக, வேலை போன இன்னாருக்காக என்று. பிறகு மன்றாட்டின் முதல் பாதியைச் சொல்வார். மற்றவர்கள் மறுபாதியைச் சொல்வார்கள். கோலின் கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கோயிலில் வளர்ந்தவன். முதல் பாதி வராமல் மறுபாதியைத் தொடங்கக் கூடாது என்பது அங்கே சட்டம் மாதிரி. கல்யாணம் ஆனதிலிருந்து வீட்டில் அவன்தான் நடத்தினான்.

குரல் போன பிறகும் நடத்தினான். கோயில் செய்திமடலைத் தட்டச்சு செய்த அதே எடிட்டர் மென்பொருளில், அவன் கணினியில் ஒரு கோப்பு. வீட்டு வைஃபை வழியாக அவள் கணினியிலும் அதே கோப்பு திறந்திருக்கும். அவன் கருத்தையும் முதல் பாதியையும் தட்டிச் சேமிப்பான். அவள் திரையில் அது தானாக வரும். அவள் மறுபாதியை வாய்விட்டுச் சொல்லி, 'ஆமென்' என்று தட்டிச் சேமிப்பாள்.

(வாட்ஸ்அப் இல்லையா என்பீர்கள். நானும் கேட்டேன். "ஃபோன்ல ஜெபமாண்ணே? நடுவுல லெலோங், மலிவு விலைன்னு விளம்பரம் வரும்லா" என்றாள். நம்பினால் நம்புங்கள்.)

3

ஒரு சாயங்காலம் முதல் பாதி வரவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவள் முட்டி போட்டபடி வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் கடவுள் நம்பிக்கை விட்டுப்போயிற்று என்று நினைத்தாள்.

இதுவரை எழுதியதைப் படித்த என் மனைவி கெர்ட்ரூட், "எந்திரிச்சுப் போயி கதவத் தொறந்து கேக்க மாட்டாளா? உங்க கதையில பொம்பளைங்களுக்குக் கால் இருக்காதே" என்றாள்.

நியாயம்தான். கிளாரிசாவிடமே கேட்டேன்.

"கேட்டு, ஆமா இனிமே ஜெபம் வேணாம்னு தலையாட்டிட்டார்னா? அத என்னால பாக்க முடியாதுண்ணே."

அதனால் கோப்பிலேயே தட்டினாள்: "ஜெபம் பண்ண மனசில்லன்னா சொல்லிருங்க. நான் ஏன் சும்மா முட்டி போட்டுக் கெடக்கணும்?" சேமித்தாள்.

அதன் பிறகு அவன் அந்தக் கோப்பைத் தொடவில்லை. அடுத்த வாரம் மருத்துவமனை. அங்கேயே முடிந்துவிட்டது.

4

இரண்டு கணினியையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

கோலினுடைய எடிட்டர் அந்த வாரம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் இருக்கிற கோப்பிலேயே எழுதும். புது வழக்கப்படி, எழுதியதைத் தனியாக ஒரு புதுக் கோப்பில் போட்டு, அதற்குப் பழைய பெயரை வைத்து, பழையதைத் தூக்கி எறிந்துவிடும். பத்திரமாகச் சேமிக்கிறதாம். கிளாரிசாவின் எடிட்டரோ தூக்கி எறியப்பட்ட அந்தப் பழைய கோப்பையே கண்காணித்துக்கொண்டிருந்தது. குடும்பம் மாறிப்போன தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் போய்க் காத்திருப்பது மாதிரி.

அவன் கணினியில் ஓர் எழுத்தைத் தட்டிச் சேமித்தேன். அவள் திரை அசையவில்லை. எத்தனை முறை தட்டினாலும் அப்படித்தான். அவன் எடிட்டரின் பதிவேட்டில் அந்த மூன்று சாயங்காலமும் சேமித்த நேரங்கள் இருந்தன. ஆகக் கோலின் ஜெபத்தை நிறுத்தவே இல்லை. தினமும் கருத்து வைத்திருக்கிறான், முதல் பாதி சொல்லியிருக்கிறான், அவளுடைய 'ஆமென்'னுக்காகக் காத்திருந்திருக்கிறான். சேமிப்பது கோப்பின் பெயரைப் பார்த்துத்தான் என்பதால், அவள் திட்டிச் சேமித்தபோது அவளிடமிருந்த பழைய பக்கம் போய் அவற்றின் மேல் உட்கார்ந்துவிட்டது. மீட்கப் பார்த்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை.

பிறகு, தொழில் புத்தி, எதிர்த்திசையிலும் சோதித்தேன். அவள் கணினியில் தட்டிச் சேமித்தேன். அவளுடையது பழைய வழக்கப்படி இருக்கிற கோப்பிலேயே எழுதியது. அவன் திரை அந்த நொடியே மாறியது.

அவன் கண்ணெதிரேதான் அது நடந்திருக்கிறது. தட்டி வைத்த ஜெபங்கள் மறைந்து, அந்த இடத்தில் அவளுடைய அந்த வரி வந்திருக்கிறது. அவள் வேண்டுமென்றே அழித்தாள் என்றுதான் நினைத்திருப்பான். வேறு எப்படி நினைப்பான்? கத்திக் கேட்கவும் அவனுக்குக் குரல் இல்லை.

5

தொலைந்த வரிகளை நானே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுகூடப் பார்த்தேன்.

"இந்தப் பத்து மணி கிளாரிசாவின் முட்டி வலிக்காக…"

"இந்தப் பத்து மணி, எனக்குச் சாவு பயம் வராமல்…"

போதும். செத்தவன் வாயில் வார்த்தை வைக்க நான் யார்?

6

இன்று காலை கிளாரிசா வந்தாள். பாதியை மட்டும் சொன்னேன்: அவன் நிறுத்தவில்லை, கணினிதான் உனக்குக் காட்டவில்லை.

அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எப்படியோ சிரிக்கவும் செய்தாள்.

"நல்லவேளைண்ணே. அப்ப நான் திட்டி எழுதுனதும் அவருக்குப் போய்ச் சேந்துருக்காதுல்ல? அவருது எனக்கு வரலன்னா என்னுதும் அவருக்குப் போயிருக்காது. அப்படித்தானே?"

முதல் முடிவு: "ஆமாம்மா" என்கிறேன். அவள் தூங்குவாள். மூன்று நாள் அவளுக்காகக் காத்திருந்தவனைப் பற்றி அவளுக்கே நான் பொய் சொன்னவனாவேன்.

இரண்டாவது முடிவு: உள்ளதைச் சொல்கிறேன். அதன் பிறகு அவள் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவாள், எந்தப் படத்துக்கு முன்னால் முட்டி

முடியவில்லை. கெர்ட்ரூட்டிடம் காட்டினேன். படித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கதையில் இருவர் பேசாமல் இருந்ததையெல்லாம் நீங்கள் பார்த்துவிட்டீர்கள். கோலின் திரையில் என்ன வந்தது என்று கிளாரிசாவைத் தவிர நம் எல்லோருக்கும் தெரியும். இதோ, பதிலுக்காக உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சொல்லுங்கள்.