மூலையில் நின்ற தேரை

நகராட்சி ஆட்கள் நேராகப் பட்டறைக்குள் நுழைந்து, பழைய டயர்களுக்குப் பின்னால் கைவிட்டு என் தள்ளுவண்டியை வெளியே இழுத்தார்கள். தேடவே இல்லை. தாங்களே வைத்ததை எடுப்பதுபோல எடுத்தார்கள். அடுப்பு, மாவுச் சட்டி, அரேப்பா என்ற சோள ரொட்டி சுடும் கல், காப்பிக் குடுவைகள் எல்லாம் வேனில் ஏறின. உரிமம் இல்லாத என் வண்டியை அங்கே ஒளித்து வைப்பது என்னைத் தவிர இரண்டு பேருக்குத்தான் தெரியும். பட்டறைக்காரர் ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

மற்றவர் நிபால்தோ. வால்பரைசோவில் எங்கள் மூலையின் 'சாப்போ'. சாப்போ என்றால் தேரை. சிலியில் அது ஒரு வேலையின் பெயர். ஒவ்வொரு பேருந்தும் கடக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, பின்னால் வருகிறவரிடம் "முன்னால போனவன் நாலு நிமிஷம்!" என்று கத்துவார். ஓட்டுநர் ஒரு காசை வீசிவிட்டு, வழியில் ஆள் பிடிக்க வண்டியை விரட்டுவதா மெதுவாக உருட்டுவதா என்று முடிவு செய்வார். இருபத்திரண்டு வருஷமாக அவர் சொன்ன நிமிஷத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

கொலம்பியாவில், எங்கள் ஊரில், அதே தேரை காட்டிக்கொடுப்பவன். என் அண்ணன் எய்டரை ஒருவன் ஒரே ஒரு தடவை அப்படிச் சொன்னான். பொய்தான். மூன்றாம் நாள் அண்ணன் உயிரோடு இல்லை. இங்கே வந்த புதிதில் ஓட்டுநர்கள் "சாப்போ!" என்று கூவும்போதெல்லாம் யாரைச் சொல்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். "அட, இங்க அது மரியாதைம்மா" என்று நிபால்தோ வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றிலிருந்து முதல் காப்பி அவருக்குத்தான். நாலு வருஷம். என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட அவரிடம்தான் சொல்லி அழுவேன்.

வேன் போனதும் அவர் எதிரே போய் நின்றேன்.

"நீங்களா சொன்னீங்க?"

தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"சொல்லலன்னா என்னையே இந்த மூலைய விட்டுக் கெளப்பிருவோம்னாங்கம்மா. இந்த வயசுல நான் எங்க போய் நிப்பேன்?"

"அப்ப நான் எங்க நிப்பேன்?"

"நீ சின்னப் பொண்ணு. கையில தொழில் இருக்கு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலின் வாயால் கெட்டது நான்.

மௌரோவின் பேருந்து வந்து நின்றது. தினமும் என்னிடம் காப்பி வாங்குகிற ஓட்டுநர்.

"என்ன தங்கச்சி, கடையக் காணோம்?"

"தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"பட்டறைக்குள்ள இருந்தா? எவன் போட்டுக் குடுத்தான்? பேர மட்டும் சொல்லு. எல்லா வண்டிக்காரன்கிட்டயும் சொல்லிர்றேன். நாளைலேர்ந்து அவன் இந்தத் தெருவுல தலகாட்ட முடியாது."

செய்வார். சாயங்காலத்துக்குள் ஒரு ஓட்டுநரும் நிபால்தோ பக்கம் திரும்ப மாட்டார். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது, மனசார வேண்டியிருந்தது. அண்ணனைப் பற்றிச் சொன்னவனும் ஒரு பேரைத்தான் சொன்னான். ஆனால் அது பொய், இது நிஜம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிபால்தோ என்னைப் பார்க்கவில்லை. பேருந்தின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போலாம்பா, வேலைக்கு நேரமாவுது!" என்று உள்ளேயிருந்து ஒருத்தி கத்தினாள். பின்னால் அடுத்த பேருந்து ஒலியெழுப்பியது.

நான் வாயைத் திறந்தேன். அரை நிமிஷம் பிந்தினாலே அடித்துக்கொள்ளும் மௌரோ, நான் சொல்வது காதில் விழட்டும் என்று எஞ்சினையே அணைத்தார்.