தீர்த்தகிரி வீட்டு வாசல்நிலை

ஆடி வெள்ளத்தில் மோகனூருக்குக் கிழக்கே அந்த ஆற்றோரத் தெருவில் இருபத்து மூன்று வீடுகள் விழுந்ததாகச் சர்க்கார் காகிதம் சொன்னது. காவிரியைக் கேட்டால் இருபத்திரண்டு என்றுதான் சொல்லும். மிச்சம் ஒன்றைத் தீர்த்தகிரி தன் கையாலேயே தள்ளியிருந்தார்.

வீடு இழந்தவர்களுக்கு மேட்டில் மனையும், கட்டிக்கொள்ள மூங்கிலும் ஓலையும் இலவசம் என்று தண்டோரா போட்டார்கள். மேற்குக் கோடியில் இருந்த தீர்த்தகிரியின் வீட்டுக்குள் வெள்ளம் முழங்கால் அளவு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தது. 'ஆத்துல போற தண்ணி, அய்யா குடி அம்மா குடி' என்றது அவர் மனசு. ஊரே சாவடியில் கஞ்சிக்கு உட்கார்ந்திருந்த மத்தியானத்தில் கடப்பாரையோடு போய் முன்சுவரைச் சாய்த்தார்.

வாசல்நிலையை உடைக்க மட்டும் கை வரவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் குங்குமம் கண்ட நிலை. அதைப் பதமாகப் பெயர்த்தெடுத்து, கும்பிட்டு, வைக்கோல் போருக்குள் மறைத்தார். பொய்க்கணக்குக் காட்டினாலும் பக்தி குறையாத மனுஷர்.

பார்வையிட வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர், "நிலை எங்கே?" என்று கேட்டார்.

"ஆத்தோட போயிருச்சுங்க சாமி."

இன்ஸ்பெக்டர் மேற்கிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு போனார். மேட்டில் அளந்திருந்தது இருபத்திரண்டு மனைதான். கிழக்குக் கோடியில் சடையன் முறை வந்தபோது மனை தீர்ந்துவிட்டது. தீர்த்தகிரியின் வயலை ஒட்டி வாரத்துக்கு நிலம் பிடித்து உழுகிறவன் சடையன். அவன் வீடு மண்ணாகக் கரைந்து போயிருந்தது. அடுத்த உத்தரவு வரும்வரை சாவடியில் இருக்கச் சொன்னார்கள்.

நாலாம் நாள் தீர்த்தகிரி புது மனையில் மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார். சடையன் தலையில் ஒரு நிலையைச் சுமந்துகொண்டு மேடேறி வந்தான்.

"அண்ணா, மூணு நாளா நாணலுக்குள்ளயெல்லாம் தேடிப் பாத்தனுங்க. உங்க ஊட்டு நிலை கெடைக்கலீங்க. எங்க ஊட்டுதுதான் கெடைச்சுது. இதை வச்சுக் குடிபோங்க."

"உனக்கு வேண்டாமா?"

"ஊடே இல்லாதவனுக்கு நிலை எதுக்குங்கண்ணா?"

தீர்த்தகிரி குனிந்து பார்த்தார். அவன் கால்களில் நாணல் கிழித்த கீறல்கள் இன்னும் ஆறவில்லை. அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. அவனை அழைத்துக்கொண்டு போய் வைக்கோலை விலக்கினார். நிலை இருந்தது. குங்குமம்கூட அழியவில்லை.

"நாந்தான் ஒளிச்சு வச்சேன். செவுத்தையும் நாந்தான் தள்ளுனேன். இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லிடறேன். மனையை நீ எடுத்துக்க, சடையா."

சடையன் அந்தக் குங்குமத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கழுத்துத் தண்ணியில நின்னு தேடினனுங்க" என்றான்.

தன் நிலையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடந்தான். மனை பிறகு அவன் பேருக்கே எழுதப்பட்டது. பக்கத்துப் பக்கத்து வயலில் இன்னும் எத்தனையோ வருஷம் உழுதார்கள். அதற்கப்புறம் ஒருநாளும் அவன் அவரை அண்ணா என்று கூப்பிடவில்லை.