சலவை அறையிலிருந்து இழுத்து வந்த ஆள்

கப்பலில் அவனை எல்லாரும் 'ஆப்பு' என்றுதான் கூப்பிட்டார்கள். கப்பலின் உடம்பில் ஓட்டை விழுந்தால் அடைப்பதற்கான மர ஆப்புகள், தக்கைகள், முட்டுக் கொடுக்கும் பலகைகள் எல்லாம் அவன் பொறுப்பில் இருந்தன. சேதக் கட்டுப்பாடு என்று அந்த வேலைக்குப் பெயர். தண்ணீர் உள்ளே வந்தால் நிறுத்த வேண்டும், தீப்பிடித்தால் அணைக்க வேண்டும், புகை சூழ்ந்தால் வெளியேற்ற வேண்டும். இவை எதுவும் நடக்காத நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சமையலறைக்காரர் காற்றுக்காகக் கயிறு போட்டுத் திறந்து வைத்த தீத் தடுப்புக் கதவை அவிழ்த்துச் சாத்துவான். தண்ணீர் புகாமல் இறுக்கும் கதவோர ரப்பரில் யாராவது பெயின்ட் பூசித் தொலைத்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்ப்பான். தீயணைப்புக் குழாயின் மேல் துண்டு காயப்போட்டிருந்தால் துண்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அவன் தலை தெரிந்ததுமே, "ஆப்பு வருதுடா" என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

அந்தக் கப்பலில் அவனுக்கு நெருக்கம் என்று சொல்ல ஒருவன்தான். மின்சாரப் பிரிவு, அதனால் 'கரண்ட்டு'. ஒரே நாளில் பயிற்சிக்கு வந்து சேர்ந்தவர்கள், அடுத்தடுத்த படுக்கை. மச்சான், மச்சான் என்றுதான் பேச்சு. ஒரு விடுமுறையில் கரண்ட்டு அவனைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனான். அங்கே கரண்ட்டின் தங்கையைப் பார்த்தான் ஆப்பு. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். வளவளவென்று பேசமாட்டாள், பேசினால் கண்ணைப் பார்த்துப் பேசுவாள். அதன் பிறகு கூப்பிட்டபோதும் போனான், கூப்பிடாதபோதும் போனான். கடைசியில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கரண்ட்டிடம் கேட்டே விட்டான். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று போன கரண்ட்டு, திரும்பி வந்தபோது முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னான்.

"சரிப்பட்டு வராதுடா. கப்பல்ல வேலை பாக்குறவனுக்கு என் தங்கச்சிய குடுக்க எனக்கு இஷ்டமில்ல."

"நீ எங்க வேலை பாக்குற?"

"அதனாலதான் சொல்றேன்."

அன்றோடு பேச்சு நின்றது. ஆப்பு தன் படுக்கையை அறையின் மறுகோடிக்கு மாற்றிக்கொண்டான். மச்சான் என்ற சொல்லை விளையாட்டுக்குக்கூட வாயில் எடுக்க முடியாமல் போயிற்று.

தீயணைப்புக் குழுவின் வரிசை மட்டும் மாறவில்லை. குழாயின் முனையைப் பிடிப்பவன் ஆப்பு. அவன் முதுகுக்குப் பின்னால் நிற்பவன் கரண்ட்டு. வேறு ஆளைப் போடச் சொல்லிப் பொறுப்பதிகாரியிடம் போய் நின்றான் ஆப்பு. மேடம் என்று எல்லாரும் கூப்பிடும் அந்த அம்மாள், பேசுவதும் பேசாததும் உங்கள் சொந்த விஷயம், முன்னால் நிற்பவன் எப்படி நகருவான் என்று பின்னால் நிற்பவனுக்குப் பழகியிருக்க வேண்டும், இன்னொருவனைப் பழக்க எனக்கு நேரமில்லை என்று அனுப்பிவிட்டார். ஆகவே ஒவ்வொரு பயிற்சியின்போதும் பேசாதவனின் கை தோளில் வந்து உட்கார்ந்தது. ஒரு தட்டு என்றால் முன்னே போ. இரண்டு தட்டு என்றால் நில். பிடித்து இழுத்தால் மறுபேச்சில்லாமல் வெளியே வா. முகமூடிக்குள் வாய் பேசினால் பாதி புரியாது என்பதால் ஏற்படுத்திய முறை. அவர்கள் இருவருக்கும் அது ரொம்ப வசதியாய்ப் போயிற்று.

தீ பிடித்த அன்று கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அமைதியாய் இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் கண்ணயரப் பார்க்கும் நேரம். கீழ்த்தளத்துச் சலவை அறையிலிருந்து புகை வருவதாக ஒலிபெருக்கி அலறியது. துணி உலர்த்தும் இயந்திரத்தின் காற்றுக் குழலில் சேர்ந்திருந்த பஞ்சுத் தூசி பற்றிக்கொண்டிருந்தது. அது பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், தலை எண்ணிப் பார்த்ததில் சலவைக்காரரைக் காணோம் என்பதுதான். அவருக்குச் சாப்பிட்டதும் துணி மூட்டைகளுக்கு நடுவே கட்டையைச் சாய்க்கிற பழக்கம் உண்டு.

கரண்ட்டு அந்தப் பகுதிக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஓடி வந்து, மூச்சுக் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு தன் இடத்தில் நின்றான். ஆப்பு கையுறையைக் கழற்றி, புறங்கையைக் கதவுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தான். மேல் பாதி கொதித்தது, கீழ் பாதி பொறுத்துக்கொள்ளும்படி இருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் ஒதுங்கிக் கதவைக் கொஞ்சமாய்த் திறந்து, கூரையைப் பார்த்து ஒரு பீய்ச்சு பீய்ச்சினான். பிறகு குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்து உள்ளே போனார்கள். அதே நேரத்தில் பக்கத்துப் படுக்கை அறையில் இன்னொரு குழு மெத்தைகளை வாரி வெளியே போட்டுவிட்டுச் சுவரின் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. இரும்புச் சுவர் வழியாகச் சூடு பரவினால் அந்தப் பக்கத்துப் பெயின்டே பற்றிக்கொள்ளும்.

உள்ளே கண்ணுக்கெதிரே கையை நீட்டினால் கை தெரியவில்லை. வெப்பத்தைக் காட்டும் கேமரா நீராவியில் வெள்ளைத் திரையைத்தான் காட்டியது. ஆரஞ்சு நிறத்தில் மங்கலாய்த் தெரிந்த திசையைப் பார்த்து ஆப்பு தண்ணீர் அடித்தான். கொஞ்சம் தணிந்ததும் குழாயை வரிசையில் மூன்றாவதாக வந்தவனிடம் கொடுத்துவிட்டு, தரையைத் தடவிக்கொண்டு ஆளைத் தேடினான். கரண்ட்டின் கை தோளிலேயே இருந்தது.

சலவை அறையில் ஆளைத் தேடுவதைப்போல ஒரு கொடுமை கிடையாது. தொடுவதெல்லாம் துணி. சட்டைக் கை தட்டுப்பட்டால் ஆளின் கைதான் என்று தோன்றியது. இழுத்தால் வெறும் சட்டை வந்தது. கால்சட்டை வந்தது. பிறகு ஒரு மூலையில், இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையே, நீளமாய், கனமாய், ஈரமாய் ஒன்று அகப்பட்டது. தள்ளினால் அசையவில்லை. ஆள்தான் என்று முடிவு கட்டிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து அவனுடைய சிலிண்டரின் விசில் கத்த ஆரம்பித்தது. காற்று தீரப் போகிறது என்று அர்த்தம். தோளில் இருந்த கை பிடித்து இழுத்தது. ஆப்பு உதறினான். மறுபடி இழுத்தது. மறுபடி உதறினான். முகமூடிக்குள்ளிருந்து கரண்ட்டின் குரல் குழறிக் கேட்டது.

"மச்சான், வெளிய வாடா!"

அது ஆப்பின் காதில் விழுந்தது. ஆனாலும் கையில் பிடித்ததை விட மனம் வரவில்லை. கரண்ட்டு ஒரு கணம் நின்றிருப்பான். பிறகு தோளை விட்டுவிட்டு அவனும் குனிந்து மறுமுனையைப் பிடித்தான். இரண்டு பேரும் மூச்சு முட்ட அதை இழுத்துக்கொண்டு வாசலைக் கடந்து நடைவழியில் வந்து விழுந்தார்கள்.

வெளியே தூக்குக் கட்டிலோடு மருத்துவப் பிரிவு ஆட்கள் ஓடி வந்தார்கள். கட்டிலின் முன்பக்கத்தைப் பிடித்திருந்தவர் குனிந்து பார்த்து, "யாருங்க இது?" என்று கேட்டார்.

கேட்டவர் சலவைக்காரர்.

பல்வலி என்று மருத்துவ அறைக்குப் போனவர், ஒலிபெருக்கி அலறியதும் கட்டில் தூக்க ஆள் போதவில்லை என்று அங்கேயே நிறுத்திக்கொள்ளப்பட்டிருக்கிறார். தலை எண்ணும் இடத்தில் போய்த் தன் பெயரைச் சொல்ல அவருக்கு வாய்க்கவில்லை. தரையில் கிடந்தது, கழுத்து இறுகக் கட்டிய, படுக்கை விரிப்புகள் அடைத்த ஆள் உயர மூட்டை.

கரண்ட்டு முகமூடியைப் பிய்த்து எறிந்தான். அவன் முகம் கரியும் வியர்வையுமாய் இருந்தது. "அறிவிருக்காடா உனக்கு? விசில் அடிக்குது, புடிச்சு இழுக்குறேன், செவிடா நீ?" என்று கத்தினான். அத்தனை மாதங்களில் அவன் முகத்துக்கு நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. ஆப்பு மூட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

இரண்டாவது குழு உள்ளே போய்த் தீயை முழுதாக அணைத்தது. மேடம் வந்து முதலில் தண்ணீரை நிறுத்தச் சொன்னார். அணைக்க அடித்த தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. அது ஒரு பக்கமாய்ச் சாய்ந்தால் கப்பலையும் கூடவே சாய்க்கும். பம்பை இறக்கினார்கள். அது கொஞ்ச நேரம் உறிஞ்சும், பிறகு விக்கிக்கொண்டு நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் ஆப்பு தண்ணீருக்குள் கையை விட்டு வடிகட்டியிலிருந்து காலுறைகளைப் பிடுங்கிப் போட்டான். கப்பலில் ஜோடி தொலைந்த காலுறைகள் அத்தனையும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

தண்ணீர் வடிந்ததும் மேடம் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. "ஆளைத் தேடுனது சரி. விசில் அடிச்ச பிறகும் நின்னது தப்பு. நீ உள்ள விழுந்திருந்தா, உன்னைத் தூக்க நான் இன்னும் ரெண்டு பேர அனுப்பணும். அவங்க வீட்டுக்கு யார் பதில் சொல்றது?" என்றார். பிறகு, அணைந்த தீ மறுபடி மூளாமல் பார்த்துக்கொள்ளும் காவலுக்கு அவனையும் கரண்ட்டையும் போட்டுவிட்டுப் போனார்.

கருகிய அறையின் வாசலில், ஆளுக்கொரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். அவ்வப்போது எழுந்து சாம்பல் குவியலைக் கிளறி, சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஈரக்கரி நாற்றத்தில் தொண்டை கமறியது. வெகுநேரம் கழித்து, நீயாவது போயிருக்கலாமே, எதற்கு நின்றாய் என்று ஆப்பு கேட்டான்.

"உன்னை விட்டுட்டா? நீ ஒண்ணப் புடிச்சா விடமாட்டேன்னு தெரியாதா எனக்கு?" கரண்ட்டு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். "தங்கச்சியும் அதான் சொன்னா."

ஆப்பு நிமிர்ந்தான். "என்ன சொன்னா?"

கரண்ட்டு நகத்துக் கரியைச் சுரண்டிக்கொண்டே ஒவ்வொன்றாய்ச் சொன்னான். வேண்டாம் என்றது அவன் இல்லை. அவன் அம்மாவும் இல்லை. அவர்களுக்கு முழுச் சம்மதம். தங்கைதான் வேண்டாம் என்றாள். ஆப்பு வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேஸ் கசிகிறதா என்று அடுப்புக் குழாயை முகர்ந்து பார்த்தது, அடுப்புக்குப் பக்கத்து ஜன்னல் திரையைக் கழற்றித் தள்ளி மாட்டியது, அம்மாவின் வாசல் செருப்பு அலமாரி வழியை அடைக்கிறது என்று நகர்த்தியது, எல்லாவற்றையும் அவள் கவனித்திருக்கிறாள். நல்லவர்தான், ஆனால் இவரோடு இருந்தால் வீடும் கப்பலாகிவிடும், எனக்கு மூச்சு முட்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

"கோவத்துல சொன்னாளா?"

"இல்லடா. ரெண்டு நாள் யோசிச்சுட்டுத்தான் சொன்னா."

அதுதான் சுருக்கென்று தைத்தது. கோபத்தில் சொன்னதென்றால் ஆறவைத்திருக்கலாம். தான் செய்தது அக்கறை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தான். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் யோசித்தான். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும்.

"அப்புறம் நீ ஏன் உன் தலையில போட்டுக்கிட்ட?"

"என் மேல கோவம்னா திட்டித் தீத்துருவே. அவ வேண்டாம்னு சொன்னது தெரிஞ்சா சோறு இறங்காது உனக்கு."

ஆப்பு எழுந்து உள்ளே போய், ஏற்கெனவே தொட்டுப் பார்த்த சுவரை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தான். குளிர்ந்துதான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, உன்னை எவ்வளவு கேவலமாகத் திட்டியிருக்கிறேன் தெரியுமா என்றான். தெரியும், சமையலறைக்காரர் ஒன்றுவிடாமல் வந்து சொல்லிவிடுவார் என்றான் கரண்ட்டு. அதில் ஒன்றிரண்டு வசவுகளை அவன் திருப்பிச் சொல்லிக் காட்டியதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. புகை குடித்த தொண்டையாதலால் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

காவல் மாற ஆள் வந்ததும் மேல்தளத்துக்கு ஏறினார்கள். அதற்குள் மூட்டைக் கதை கப்பல் முழுக்கப் பரவியிருந்தது. மாற்றுத் துணி இல்லாமல் கரை சேரும்வரை என்ன செய்வது என்று சிலர் சலவைக்காரரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வந்து, அந்த மூட்டை உயிர் பிழைத்துக்கொண்டதா என்று ஆப்பிடம் அக்கறையாய் விசாரித்தான். கரண்ட்டு அவனை முறைத்து விரட்டினான்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. நனைந்த குழாய்களைத் தளத்தில் நீட்டி, ஒரு முனையை ஆப்பும் மறுமுனையைக் கரண்ட்டும் பிடித்து, நடுவில் தேங்கிய தண்ணீரை வழித்து வெளியேற்றிச் சுருட்டினார்கள். காலி சிலிண்டர்களில் காற்று நிரப்பினார்கள். இன்னொரு தீ வருமானால் இது முடியும்வரை காத்திராது. இருட்டுவதற்குள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். இருந்தன.