பதினான்காவது மைலில் நின்ற தண்ணீர்

தலைவரின் ராஜினாமாக் கடிதம் அவருடைய சட்டைப்பையில் இருக்கிறது. வெள்ளைச் சட்டை, மெல்லிய துணி. உள்ளே இருப்பது வெளியே தெரியும். தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் துணி.

கடிதம் பையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வெளியே வந்தால், மேற்கு அணையில் இருநூறு கன அடி தண்ணீர் வெளியேறுகிறது. இரண்டு சென்டிமீட்டருக்கு நானூறு. வரைபடம் போட்டால் நேர்கோடு வரும். அதை அளந்து எழுதுவது என் வேலை.

நான் இயற்பியல் படித்தவள். நேர்முகத் தேர்வில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

"சொந்தமா ஸ்கேல் இருக்கா?"

இருந்தது.

தலைவர் மருதவாணன் கிழக்கு மாவட்டங்களின் அமைச்சர். அணை மேற்கில் இருக்கிறது, வயல்கள் கிழக்கில் இருக்கின்றன. தண்ணீர் விடாவிட்டால் பதவி விலகுவேன் என்று அவர் ஆனி மாதம் சொன்னார். இப்போது புரட்டாசி. சொன்ன நாளிலிருந்து கடிதத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் கொஞ்சம் வெளியே எடுப்பார், கொஞ்சம் உள்ளே விடுவார்.

அளக்கும்போது அவர் நெஞ்சுக்கு மிக அருகில் நிற்க வேண்டும். எனக்குக் கூச்சமாக இருக்கும். மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அவரும் பிடித்துக்கொள்வார். மூச்சு விட்டால் அளவு மாறிவிடும்.

கடிதத்தின் நீளம் பதினைந்து சென்டிமீட்டர். பதினான்கு வரை எடுக்கலாம். பதினைந்தில் அது முழுதாக வெளியே வந்துவிடும். அப்போது அவர் தலைவர் இல்லை. தலைவர் இல்லாதவர் சட்டைப்பையிலிருந்து எது வெளியே வந்தாலும் தண்ணீர் வராது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தினமும் மதியம் அக்கா போன் செய்வாள். அக்கா சுகுணாவின் வயல் கடைமடையில் இருக்கிறது. வாய்க்கால் அதற்கு மேல் போகாது. ஒன்றரை ஏக்கர்.

"சாப்பிட்டியாடி?"

"சாப்பிட்டேன்."

"தண்ணி எதுவரைக்கும் வந்துருக்கு?"

"ஒன்பதாவது மைல்."

"நாத்து மஞ்சளா ஆயிட்டு வருதுடி பானு. வெள்ளிக்கிழம வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல தாங்காது. உங்க தலைவர இன்னும் ரெண்டு விரக்கடை வெளிய எடுக்கச் சொல்லேன்."

"நான் அளக்கறவ. சொல்ற எடத்துல இல்ல."

"ஸ்கேல கொஞ்சம் சாச்சு வையேன்."

வைத்துப் பார்த்தேன். பயன் இல்லை. தண்ணீருக்கு ஸ்கேல் தெரியாது, கடிதம்தான் தெரியும்.

திங்கட்கிழமை கடிதம் ஒன்பது சென்டிமீட்டர் வெளியே இருந்தது. தண்ணீர் பதினான்காவது மைலைத் தொட்டது. கடைமடை இருபத்தோராவது மைல்.

அன்று மாலையே மேற்கின் தலைவர் சென்னியப்பன் தானும் ஒரு கடிதம் எழுதி, தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தண்ணீர் கிழக்கே போனால் அவர் விலகுவார். அவருடைய கடிதமும் ஒன்பது சென்டிமீட்டர் வெளியே வந்தது.

தண்ணீர் நின்றது. மேற்கேயும் போகவில்லை, கிழக்கேயும் போகவில்லை. பதினான்காவது மைலில் வாய்க்காலுக்குக் குறுக்கே நிமிர்ந்து நின்றது, இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி. செவ்வாய்க்கிழமை காலையில் அதன்மேல் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பாதிக் கண்ணீர் அஞ்சலி, பாதி காதணி விழா.

பேச்சுவார்த்தை தொடங்கியது. ஒரு நீளமான மேசை. இந்தப் பக்கம் எங்கள் தலைவர், அந்தப் பக்கம் சென்னியப்பன். அவர் பக்கமும் ஸ்கேலோடு ஒரு பெண் நின்றாள். அவள் கணிதம் படித்தவள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து அளந்தோம்.

"ஒன்பது," என்றாள்.

"ஒன்பது," என்றேன்.

"நாளைக்குப் பேசலாங்க," என்றார் சென்னியப்பன்.

"நாளைக்குப் பேசுவோம்," என்றார் எங்கள் தலைவர்.

டீ வந்தது. ஆறியிருந்தது. மறுநாளும் அதே டீதான்.

புதன்கிழமை அளக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். கடிதத்தில் எழுத்தே இல்லை. மூன்று மாத வியர்வையில் மை முழுதும் போயிருந்தது. வெறும் காகிதம்தான் ஒன்பது சென்டிமீட்டர் வெளியே நின்றது.

உதவியாளர் கலியமூர்த்தி அண்ணனிடம் சொன்னேன். அவர் இருபத்தாறு வருடமாகத் தலைவரோடு இருக்கிறார்.

"எப்பலேர்ந்து?" என்றார்.

"தெரியலண்ணே. அளவு மட்டுந்தான் பாப்பேன்."

"அந்தப் பக்கத்துப் பொண்ணு பாத்துச்சா?"

"அவங்க அவங்க கடிதத்தத்தான் பாப்பாங்க."

அவர் தலைவரின் காதில் சொன்னார். தலைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசத்துக்கு வந்திருந்தார்.

"அந்தப் புள்ளைய எழுதச் சொல்லுய்யா," என்றார். "எழுத்து நல்லாருக்கும்."

"நீங்க ஒரு வரி எழுதிட்டா..."

"நான் எழுதுனா கை நடுங்குதுன்னுவானுங்க."

நான் எழுதினேன். இவ்வளவு காலம் வகித்துவந்த பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று ஒரு வரி. நிபந்தனை ஒரு வரி. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டேன். கையெழுத்தைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்றார் தலைவர். மோரை ஊற்றிக்கொண்டார்.

எங்கள் இடத்தில் எல்லாக் கடிதங்களையும் உதவியாளர்கள்தான் எழுதுவார்கள். யாரும் அதைத் தவறாக நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பேச்சுவார்த்தை தொடர்ந்தது. தலைவர் பைக்குள் இரண்டு விரல்களை விட்டார். புதுக் கடிதம் வழவழப்பாக இருந்தது. பத்துக்கு வந்தது. பன்னிரண்டுக்கு வந்தது. அவர் விரல்களை எடுத்துவிட்டார். கடிதம் நிற்கவில்லை. பதினான்கைத் தாண்டி மெதுவாக எழுந்தது. மேசைமேல் விழுந்தது.

அறையில் யாரும் மூச்சு விடவில்லை. அளப்பதற்கு எதுவும் இல்லாததால் நான் மட்டும் விட்டேன்.

தலைவர் குனிந்து பார்த்தார்.

"இது என் எழுத்து இல்ல," என்றார்.

சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். "ஆமாங்க, உங்க எழுத்து இல்லீங்க. உங்க கையெழுத்தும் இல்லீங்களே."

"யார் எழுதுனது?" என்றார் தலைவர், அறையைப் பார்த்து.

கலியமூர்த்தி அண்ணன் ஜன்னலைப் பார்த்தார்.

"நான்," என்றேன்.

"அப்ப ராஜினாமா உன்னுதும்மா. கொண்டுபோய்க் குடுத்துடு." அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு ஒரு வழி காட்டுகிறவர் மாதிரி இருந்தார். இரண்டு தலைவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ராஜினாமா பெறும் பிரிவு எங்கள் அறையிலிருந்து நான்காவது கதவு. நான் நடக்கத் தொடங்கியதும் நாற்பதாவது கதவானது. தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. நடுவில் ஒருவர் பாய் விரித்துப் படுத்திருந்தார். தலைமாட்டில் கோப்பு இருந்தது.

"போறியளா, திரும்புறியளா?"

"போறேன்."

"நானும் போய்க்கிட்டுத்தான் இருந்தேன்," என்று திரும்பிப் படுத்தார்.

போய்ச் சேரும்போது மணி நாலு. உள்ளே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு மரப்பெட்டி, அதில் ஒரு நீளத் துளை. துளையில் நூற்றுக்கணக்கான கடிதங்கள் செருகியிருந்தன. எல்லாம் பாதி உள்ளே, பாதி வெளியே. சிலவற்றில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

"எந்தப் பதவி?" என்றார்.

"அளக்கறவங்க. தற்காலிகம்."

"தற்காலிகம் பதவி இல்லம்மா. வேற என்ன வச்சிருக்கீங்க?"

"பி.எஸ்சி."

"அது பட்டம்."

யோசித்தேன். என்னிடம் அதிகம் இல்லை.

"தங்கச்சியா இருக்கேன்," என்றேன்.

அவர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "எத்தன வருஷமா?"

"இருபத்து நாலு."

"நிரந்தரமா?"

"பிறந்ததுலேர்ந்து."

"ஆணை இருக்கா?"

பையில் பழைய குடும்ப அட்டையின் நகல் இருந்தது. அதில் அம்மா, அப்பா, சுகுணா, பானுமதி என்று நான்கு பெயர்கள். முதல் இரண்டின்மேல் தாலுகா அலுவலகத்தில் கோடு போட்டிருந்தார்கள். அந்த அம்மா நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரே அக்காவா?"

"ஆமா."

"நிபந்தனை?"

"பதினாலாவது மைல்ல நிக்கற தண்ணி கடைமடைக்குப் போகணும்."

"எந்த நாளுக்குள்ள?"

"நாளைக்கு."

அவர் படிவத்தில் எழுதினார். பேனா எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி எழுதினார்.

"குடுத்துட்டுத் திரும்ப வாங்கிக்கலாமா?" என்றேன்.

"எல்லாரும் அதத்தான் முதல்ல கேப்பாங்க." பெட்டியைக் காட்டினார். "அதனாலதான் இப்படி நிக்குது. முழுசா உள்ள போனது ஒண்ணுகூட இல்ல. நானும் இங்க சேந்து பத்தொம்பது வருஷம் ஆச்சு."

"பாதி போட்டா பாதித் தண்ணி வருமா?"

"நீங்கதானம்மா அளக்கறவங்க."

போன் அடித்தது. அக்கா. எடுத்தேன்.

"சாப்பிட்டியாடி?"

"ம்."

"தண்ணி?"

"அதே எடம்."

"சரி, விடு. நீ என்ன பண்ணுவ." வயலில் நிற்கிறாள் என்பது காற்றுச் சத்தத்தில் தெரிந்தது. "குடத்துல கொண்டாந்து ஊத்துறேன். நாத்தங்கால்ல கால் வாசிக்குத்தான் காணுது. நீ மூஞ்சத் தூக்கி வச்சுக்காத. தீவாளிக்கு வருவல்ல?"

"அக்கா," என்றேன்.

"என்னா?"

"ஒண்ணுமில்ல."

போனை வைத்தேன். கடிதத்தில் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். கடிதத்தைத் துளையில் வைத்தேன். ஒரு சென்டிமீட்டர். ஐந்து. பத்து. பழக்கத்தில் அளந்துகொண்டே தள்ளினேன். பதினான்கில் விரல் நின்றது. இன்னும் ஒரு சென்டிமீட்டர் இருந்தது.

தள்ளினேன். உள்ளே விழும் சத்தம் கேட்டது. பெட்டி நான் நினைத்ததைவிட ஆழமானது.

அந்த அம்மா எழுந்து நின்றார். என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் தன் டப்பாவைத் திறந்து ஒரு இட்லி கொடுத்தார். மிளகாய்ப்பொடி தடவியிருந்தது. நின்றபடியே சாப்பிட்டேன்.

திரும்பும்போது தாழ்வாரத்தில் நான்கு கதவுகள்தான் இருந்தன.

வெள்ளிக்கிழமை மதியம் போன் அடித்தது. நம்பர் மனப்பாடமானது. ஆனால் திரையில் அக்கா என்ற பெயர் இல்லை, வெறும் எண்கள்தான் இருந்தன.

"வணக்கமுங்க. தலைவர் ஆபீஸுங்களா?"

"ஆமாங்க."

"நான் கடைமடையிலேர்ந்து சுகுணா பேசறேங்க. தண்ணி வந்துருச்சுங்க. காலையில வாய்க்கா நெறையப் போஸ்டரா வந்துச்சு. பின்னாடியே தண்ணி. வயல்ல இப்ப முட்டிக்காலுக்கு நிக்குது."

"நாத்து?"

"பொழச்சுக்கும்ங்க. தலைவர்கிட்ட சொல்லிருங்க."

"சொல்றேன்."

"ஒங்க நம்பரு என் போன்ல பானுன்னு கெடக்குங்க. யாரு போட்டாங்கன்னு தெரியல. நீங்க யாருங்க?"

"இங்க அளக்கறவங்க."

"ஓ." அவள் வைக்கவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. "கொரலு ரொம்ப அசந்து கெடக்கே. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேங்க," என்றேன்.

"அப்ப சரிங்க," என்று வைத்தாள்.

உள்ளே தலைவர் கூப்பிட்டார். தண்ணீர் வந்ததற்கு அவருக்கு மாலை போட்டிருந்தார்கள். சென்னியப்பனும் தண்ணீர் விட்டதற்காக ஒரு மாலையோடு உட்கார்ந்திருந்தார். அடுத்த பிரச்சினை ஒரு மலை. அது எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று முடிவாகவில்லை. நேற்று இரவு அது நான்கு அடி நகர்ந்ததாகப் புகார் வந்திருந்தது.

தலைவர் புதுச் சட்டை போட்டிருந்தார். பையில் ஒரு புதுக் கடிதம் தெரிந்தது. எழுத்து கலியமூர்த்தி அண்ணனுடையது. அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு பெண்கள்.

"அளம்மா," என்றார் தலைவர்.

மாலையை விலக்கி, ஸ்கேலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணு," என்றேன்.