வேறு வண்டியின் சக்கரங்கள்

“அந்த வேனுக்கு இனிமே வீல் கிடைக்காதும்மா. செஞ்ச கம்பெனிக்காரனே அந்த மாடலை மறந்துட்டான்.”

“கிடைச்சா, மாமா?”

“கிடைச்சா வண்டிய நீங்களே வச்சுக்குங்க. சனிக்கிழமை வரைக்கும் பாரு. அப்புறம் பழைய இரும்புக்காரன் வந்துடுவான்.”

இஸ்திரி மேசையோரம் நின்று தேநீர் குடித்தபடி என் மூத்தார், என் கணவரின் அண்ணன், சொன்னது இது. டம்ளரைக் கீழே வைத்ததும் அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பது எங்கள் குடும்பத் தொழில். துவைக்கும் கொட்டகை வீட்டுக்குப் பின்னால், உலர்த்தும் இடம் ஊரின் அடுத்த கோடியில். மூத்தார் புது வண்டி வாங்கியதும் பழைய வேனைச் சுவரோரம் தள்ளிவிட்டார். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. ரிம்களில் போல்ட் துளைகளைச் சுற்றித்தான் விரிசல். அந்த வேன் கைக்கு வந்தால் பாலத்துக்கு அப்பாலுள்ள விடுதிகளின் வேலையை நாங்கள் தனியாக எடுக்கலாம். விடுதிக்காரர்களிடம் நான் பேசியும் வைத்திருந்தேன். வராவிட்டால் நானும் என் கணவரும் ஆயுசுக்கும் மூத்தாரின் கொட்டகையில் ஆட்கள்தான்.

இன்னொன்றும் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே நான் வேன் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கியவள். கல்யாணம் பேச வந்த அன்று அப்பா அதைப் பெருமையாகச் சொன்னார். எங்கள் வீட்டில் அதற்கு ஆண்கள் இருக்கிறார்கள் என்று மூத்தார் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். அன்று முதல் பக்கத்து இருக்கைதான் எனக்கு. லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்து வந்தேன். ஓட்டட்டுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் உடைப்புக் கடைகளில் ஏறி இறங்கி எண்ணெய்க் கறையோடு திரும்பியதுதான் மிச்சம். கடைசியில் ஒரு டயர் கடைக்காரர், பால் வண்டியாக ஓடி மோதி நொறுங்கிய வேறொரு மாடலைக் காட்டினார். அதன் சக்கரத்தின் மேல் எங்கள் பழைய ரிம்மை வைத்துப் பார்த்தார். ஐந்து துளைகளும் அச்சாகப் பொருந்தின. நடுத்துளைதான் பெரிது.

“அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி இருக்கும்மா. தோள் சரி, கழுத்து தொளதொள.”

இடைவெளியை நிரப்ப லேத்தில் வளையம் கடைய வேண்டும் என்றார். என் கணவர் அண்ணன் எதிரில் வாய் திறக்காதவர். அவர் அளவெடுத்துக்கொண்டு போனார். மறுநாள் மாலை நான்கு வளையங்களைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

“உங்க அண்ணன் கேட்டா?”

“கேட்டா சொல்றேன்.”

அவரைப் பொறுத்தவரை அது ஒரு மேடைப்பேச்சு.

அந்த மாடலின் நட்டுகளையே போட்டு இறுக்கினோம். புதுச் சக்கரங்கள் பழையதைவிட இரண்டு விரல் வெளியே தள்ளி நின்றன. முழு லோடு ஏற்றித் திருப்பிப் பாருங்கள் என்று டயர் கடைக்காரர் சொல்லி அனுப்பினார். மூட்டைகளைக் கூரை தட்டும்வரை அடுக்கினோம். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்துப் பார்த்தார் என் கணவர். சத்தமே இல்லை. அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை முதல் ஈடு துணியோடு கேட்டில் திரும்பியபோது முன்சக்கரம் மட்கார்டில் உரசி அலறியது. ரப்பர் கருகும் வாசனை. மூத்தார் வாயில் பல்துலக்கியோடு வாசலில் நின்றிருந்தார்.

“அடுத்தவன் செருப்ப மாட்டிக்கிட்டா கடிக்காம என்ன செய்யும்? நாளைக்கு இரும்புக்காரன் வர்றான்.”

உரசுகிற வண்டியிலிருந்து மூட்டையை இறக்கப் போனேன், அசையவில்லை. அப்போதுதான் உறைத்தது. முந்தின நாள் நாங்கள் ஏற்றியது காய்ந்த மூட்டைகளை. எங்கள் தொழிலில் லோடு என்றால் மூட்டைக் கணக்கு. எடையை யார் பார்த்தார்கள்? காய்ந்ததை ஒரு கையால் வீசுவேன். ஈரத்துக்கு இரண்டு ஆள் வேண்டும்.

“துவைக்கிறவங்களுக்கே ஈரம் கனக்கும்னு தெரியலையா?” என்று டயர் கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே மட்கார்டின் உள்விளிம்பைச் சூடாக்கி, சுத்தியலால் மேலே மடித்துத் தட்டினார். பெயின்ட் பொரிந்து வேனின் முகம் கொஞ்சம் கோரமாயிற்று. ஆகட்டும், நான் அதற்கு மாப்பிள்ளை தேடவில்லை.

சனிக்கிழமை இரும்புக்காரரின் லாரி வாசலில் வந்து நின்றது. அவர் கண்ணெதிரிலேயே ஈர மூட்டைகளை ஏற்றினோம். கதவோரம் கொஞ்சம் இடம் மிஞ்சியது.

“மாமா, நீங்களும் ஏறி உக்காருங்க,” என்றேன். “உங்க கனமும் வேணும்.”

வெளியாள் பார்க்கும்போது அவரால் மறுக்க முடியவில்லை. தன் கனம் இல்லாமல் கணக்கு சரிவராது என்று அவர் மனைவி, என் ஓரகத்தியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். பின்பக்கம் தாழ்ந்து தரையைப் பார்த்தது. என் கணவர் கேட்டில் முழுதாக இடப்பக்கம் ஒடித்தார், பின்னுக்கு வந்து வலப்பக்கம் ஒடித்தார். தெருமுனைப் பள்ளத்தில் இறக்கி ஏற்றினார். ஓரகத்தியின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

மூத்தார் இறங்கினார். உட்கார்ந்த இடம் முழுக்க ஈரம். வேட்டியை உதறிக்கொண்டே லாரியைப் போகச் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. பிறகு ஜன்னல் வழியாகக் கைவிட்டு எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவி, முறையாகக் கொடுக்க வேண்டும் என்பதுபோல் தம்பியிடம் நீட்டினார்.

“இந்தாடா. வண்டி உன்னுது. பாத்து ஓட்டு.”

என் கணவரின் கை எழவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். வண்டியைச் சுற்றி நடந்துபோய், இத்தனை வருஷமாக நான் உட்காரும் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். என்னைப் பார்த்தார். அவருடைய மௌனத்தை நான் எப்போதும் பயம் என்றே எண்ணியிருந்தேன். இன்று அது எனக்கு இடம் விட்டதுபோல் இருந்தது.

சாவி இன்னும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு நீட்டினேன்.

“அந்தச் சாவிய என் கையில குடுங்க, மாமா. வண்டிய நான் ஓட்டணும்.”