அரை மணி நேர வெயில்

நகரத்துக் காளவாசல் புகையில் வெயில் கலங்கிவிடுகிறது என்று, கல்லூரியில் இயற்பியல் நடத்தும் கிளமெண்ட் தன் சூரிய மின்கலத்தைத் தூக்கிக்கொண்டு பேரையூர்ப் பக்கத்துப் பொட்டலுக்கு வந்தார். 2003, ஆடி மாதம். உள்ளங்கை அகலக் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மெல்லிய படலங்கள். மேலது நீல ஒளியைத் தின்னும். அது விட்டுவைத்த சிவப்பைக் கீழது தின்னும். விழுகிற ஒளியில் நூற்றுக்கு எட்டுப் பங்காவது மின்சாரமாக வேண்டும். ஆறைத் தாண்டவில்லை. அன்று மாலைக்குள் எட்டு வராவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவதாக மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

“வெயிலத் தேடி எங்க ஊருக்கு வந்த மொத ஆளு நீங்கதான் சார்” என்றாள் தங்கப்பொண்ணு. இரண்டு வருஷமாக மழை காணாத ஊர். அன்றுதான் மழை கேட்டு அய்யனாருக்குப் பொங்கல். மேளம் முழங்க முழங்க, கண்மாய்க்கு மேலே கருமேகம் ஏறிவிட்டது.

கிளமெண்ட் பூசாரி பேயாண்டியிடம் ஓடினார். “அண்ணே, அரை மணி நேரம் மட்டும்...”

“ரெண்டு வருசம் பொறுத்தவுகளுக்கு அரை மணி பெருசா? ஏப்பா, மேளத்த நிறுத்து!” பேயாண்டி சாமி பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். “சார் வேற கோயில்காரருதான். ஆனா வேலை நம்ம எல்லையில நடக்குது. பாத்துக்க.”

மேகம், பஸ்ஸுக்கு நிற்பவரைப் போலக் கண்மாய்க் கரைமேல் நின்றது. யாரும் வியக்கவில்லை. பொங்கல் பானையை இறக்கிவைத்துவிட்டு, மின்கலத்தின் பங்குக் கணக்கைக் காட்டும் மீட்டரைச் சுற்றி ஊரே உட்கார்ந்தது.

ஆறு. ஆறு. ஆறேகால்.

“கூடக் கொஞ்சம் போட்டுக் குடுய்யா” என்று தங்கப்பொண்ணு மீட்டரிடம் கெஞ்சினாள்.

இருபதாம் நிமிடம் மேகம் கால் மாற்றி நின்றது. பிறகு மெல்ல மேற்கே நகரத் தொடங்கியது. வாக்குக் கொடுத்த ஊர் மேளத்தைத் தொடவில்லை. தங்கப்பொண்ணு மட்டும் மடியில் முடிந்திருந்த கம்பு விதையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கிளமெண்ட் அந்தக் கையைப் பார்த்தார். நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார்.

“போதும்ணே. மேளத்த அடிங்க.”

“இன்னும் பத்து நிமிசம் இருக்கே சார்?”

“அடிங்கண்ணே, அது போகுது!”

மேளம் அதிர்ந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல மேகம் திரும்பி வந்து சூரியனை மூடியது. வெளிச்சம் குறைந்தது; ஆனால் இருந்த வெளிச்சத்தில் நீலம் தூக்கல். மீட்டரை மூட்டை கட்டக் குனிந்த கிளமெண்ட் அப்படியே நின்றார். ஏழு. ஏழரை. எட்டேகால்!

மேல் படலத்தை அளவுக்கு மீறி மெலிசாக்கிப் பட்டினி போட்டது தாம்தான் என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டில் ஒன்று பசித்திருந்தால் மற்றதும் ஓடாது; மேகத்தின் நீலம் அந்தப் பசியை ஆற்றிவிட்டது. எட்டேகால் என்று அவசரமாக எழுதினார். முதல் துளியே அதன்மேல் விழுந்து மை கரைந்தது.

“அழிஞ்சா என்ன சார், நாங்க பாத்தோம்ல” என்றார் பேயாண்டி.

மாலையில் போன அறிக்கையில் எட்டேகாலுக்குக் கீழே முப்பத்தொரு கைநாட்டு இருந்தது. ஆராய்ச்சியை யாரும் மூடவில்லை. தங்கப்பொண்ணின் கைநாட்டில் மட்டும் ஈரமண் ஒட்டியிருந்தது. அவள் விதைத்துவிட்டு வந்து வைத்தது அது.